எலும்பில்லாத சோபா

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். எழுத வந்ததே அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

ஆயர் குரோவில் ஒரு சோபா பட்டறையில் உறை தைக்கிறேன். போன வருடம் மலாக்கா டவுனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பழைய சோபா ஒன்றை அனுப்பினார். கட்டையே இல்லை, காலும் இல்லை. முழுக்க ஸ்பாஞ்சு. மடிப்பு மடிப்பாகத் தரையோடு படுத்துக் கிடந்தது. கூடவே அவரும் வந்தார்.

அதை வடிவமைத்தவர் பிரெஞ்சுக்காரராம். பிதுக்கி மடக்கிய பற்பசைக் குழாயை நினைத்துச் செய்தாராம். கணவர் சொன்னதாக அந்த அம்மா சொன்னார். கணவர் பிளான் வரைகிறவர். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் ஆசையாக வாங்கியது. கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"துணியை மட்டும் மாத்துங்கோ பிள்ளை. ஸ்பாஞ்சைத் தொடாதீங்கோ. அவர் இருந்த பள்ளம் அப்பிடியே கிடக்கு. எனக்கு அதுதான் மிச்சம்."

"சரிங்க ஆன்ட்டி" என்றேன்.

உறையைக் கழற்றினேன். இடது ஓரத்தில் பெரிய பள்ளம். அமுங்கிய ஸ்பாஞ்சைக் கண்டால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுப்பது எங்கள் வழக்கம். இருபது வருடக் கை அது; என்னைக் கேட்கவில்லை. புஸ்ஸென்று ஆவி போன பிறகுதான் ஞாபகம் வந்தது. துணியை எடுத்தேன். பள்ளம் மெல்ல மேலே வந்தது. யாரோ சிரமப்பட்டு எழுந்து போவது போல் இருந்தது.

முதலாளியிடம் சொல்லவில்லை. பள்ளம் திரும்ப விழட்டும் என்று நான்கு நாள், சாப்பாட்டு நேரமெல்லாம் அதில் போய் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, மேடம் ஆயிட்டீங்களா? ஒரு கிளாஸ் தே தாரே கலக்கிட்டு வரவா லா?" என்று துணி வெட்டுகிற தம்பி கிண்டல் செய்தான்.

நான் நேராகத்தான் உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் தலை இடப்பக்கம் சாய்ந்துவிடும். இடது கை மடியிலிருந்து நழுவி, தரையில் எதையோ தேடுவது போல் தொங்கும். நிமிர்ந்தால் மறுபடி சாயும். மூன்றாம் நாள் நிமிர்வதை விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை உறையை மாட்டித் தைத்து லாரியில் ஏற்றி நானும் போனேன். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பள்ளத்தைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"மெலிஞ்சு போனார்" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா சாயும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தலை மட்டும் அதே பக்கம்தான், பாருங்கோ. பேப்பரைக் கீழே போட்டுட்டுக் கையால தேடுவார்."

நான் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினேன். "என்னக்கா, கழுத்து சுளுக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

மறுநாள் அந்த அம்மா பட்டறைக்குப் போன் செய்து, தையல் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். நான் ரெம்பியாவிலிருந்து வந்த ஆறு நாற்காலிகளுக்கு உறை தைத்தேன்.