மூன்று ஆழத்து நண்டுகள்

சின்னக்கானல் எஸ்டேட்டில் இருபது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய மதலேனம்மாளுக்குக் கொச்சியில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை. மூன்று ஆழங்களில் பிடித்து, ஆழத்துக்கு ஒரு தட்டாக வைத்த நண்டுகளை ஒன்றோடொன்று கலக்காமல் இனம்பிரிக்க வேண்டும். முதல் நாளே, எஸ்டேட் பழக்கத்தில், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி இளசு வேறு, முற்றல் வேறாகப் பிரித்துவிட்டாள்.

"ஏனுங்க அக்கா, எது எந்த ஆழத்துதுன்னு இனி எப்படிங்க தெரியும்? மேல தெரிஞ்சா உங்களை நிறுத்திருவாங்க" என்று ஆய்வாளர் செல்வப்பிரியா தலையில் கைவைத்தாள்.

மதலேனம்மாள் காலித் தட்டுகளைப் பார்த்தாள். ஒன்றின் அடியில் கருஞ்சேறு, ஒன்றில் வெண்மணல், ஒன்றில் பச்சைக் களி. செருப்பு மண்ணைப் பார்த்தே யார் எந்தத் தேயிலைக் காட்டில் கிள்ளினார்கள் என்று சொன்னவள் அவள். ஒவ்வொரு நண்டின் கால் இடுக்கிலும் ஒட்டியிருந்த மண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பனிமூடிய சரிவில் இறங்குவதுபோல, பார்த்தேயிராத கடலடியில் மனசுக்குள் மெல்ல நடந்தாள். நண்டுகள் அதனதன் தட்டுக்குத் திரும்பின.

கடைசியில் ஒரு குட்டி நண்டு. கால்களில் ஒரு துளி மண் இல்லை.

"இது மட்டும் தெரியல தாயி."

"குத்துமதிப்பா சொல்லுங்களேன்."

"எங்கிட்டோ பொறந்தத எங்கிட்டோ குடிவைக்கச் சொல்லுதியா?"

செல்வப்பிரியா சிரித்துவிட்டாள். "இதைத் தெரியலைன்னீங்களே, அதனால மத்ததை நம்பலாமுங்க. நாளைக்கு நேரமே வந்துருங்க."

குட்டி நண்டைத் தனிக் குப்பியில் இட்டு, 'இடம் தெரியாது' என்று செல்வப்பிரியாவே எழுதி ஒட்டினாள்.