பெரியம்மாவின் வெள்ளைத் துணி

பெரியம்மா தையல் மிஷினை நிறுத்தும் விதத்தை வைத்தே, அக்கம்பக்கத்தில் யாரோ ஒரு பெண் இறந்துவிட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மற்ற நேரங்களில் கையிலுள்ள காலரை முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மௌத்துச் செய்தி வந்தால் மட்டும் பாதித் தையலில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு எழுந்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நடந்துவிடுவாள். இறந்தவளைக் குளிப்பாட்டி, கஃபன் என்கிற வெள்ளைத் துணியை உடுத்திவிட்டுத் திரும்பி வருவாள். குளித்து, தொழுதுவிட்டு, ஊசி நின்ற இடத்திலிருந்தே தைக்கத் தொடங்குவாள். அந்த இடத்தில் தையல் ஒரு நூல்கூட விலகியிருக்காது.

அவள் என் உம்மாவுக்கு அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்தவள், இருபத்தாறு வயதில் கணவரை இழந்து, இரண்டு ஆண் பிள்ளைகளோடு தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒண்டினாள். ஒண்டினாள் என்று சொல்வது தப்பு. கீழே வாப்பாவின் தையல் கார்கானா, மரப்படி ஏறினால் மேலே வீடு. இரண்டையும் தாங்கிப் பிடித்தது அவள்தான் என்று வாப்பாவே சொல்வார். விடியற்காலை சுபுஹு தொழுததும் மிஷினில் உட்காருவாள். காலர் தைத்தே மூத்த மகனைப் படிக்க வைத்து, முலுண்டில் ஆபீஸ் உத்தியோகத்தில் அமர்த்தினாள். உம்மாவின் நான்கு பிரசவத்துக்கும் துணை இருந்தாள். ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்று தவறி நான் பார்த்ததில்லை. தொண்ணூற்றொரு வயது வரை இருந்தாள். இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் வளர்ந்தேன் என்பது இப்போது நினைத்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. மலைப்பெல்லாம் தெரியாது.

கோவண்டி, பாண்டுப் என்று தூரத்திலிருந்தெல்லாம் அவளைத் தேடி ஆள் வரும். அங்கே குளிப்பாட்ட ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரியம்மா மையித்தோடு தமிழில் பேசிக்கொண்டே குளிப்பாட்டுவாளாம். கையைத் தூக்கப் போகிறேன் தாயி, தண்ணீர் இதமாகத்தான் இருக்கிறது, கூச்சப்படாதே என்று. ஊரைவிட்டு வந்து, இந்தியிலும் மராத்தியிலும் காலம் தள்ளியவர்களுக்குக் கடைசியாக அந்தப் பேச்சு காதில் விழட்டும் என்று வீட்டார் ஆசைப்பட்டார்கள். அந்த வீடுகளில் அவள் ஒரு கிளாஸ் டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

அந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்கு எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் லேசிம் ஆட்டம் வைத்திருந்தார்கள். கட்டையில் சங்கிலியும் தகடுகளும் கோத்திருக்கும். மடக்கி விரித்தால் ஜல் ஜல்லென்று சத்தம் போடும். அதை ஆட்டிக்கொண்டே வரிசையில் குதிக்க வேண்டும். நான் முதல் வரிசை. எல்லோரும் வெள்ளை கவுன் போட்டு வரவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வாப்பா ஏற்றுமதி ஆர்டர் ஒன்றில் மூழ்கிக் கிடந்தார். பெருநாளைக்குப் பார்க்கலாம் என்றாள் உம்மா. லேசிம் பெருநாள் வரை காத்திருக்குமா?

தையல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெட்டாத துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் வெட்டாத துணி என்றால் ஆர்டரில் மிஞ்சிய கட் பீஸ்தான். அது இரண்டே நாளில் யாருக்காவது சட்டையாகும், இல்லையென்றால் தலையணை உறையாகும். மடித்து வைத்து நான் பார்த்ததே கிடையாது. அதனால் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் அத்தனை நீள வெள்ளைத் துணி கிடந்ததைப் பார்த்தபோது, பாவம் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கற்பூர வாசனை அடித்தது. பூச்சி அரிக்காமல் இருப்பதற்கு என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

அன்று பெரியம்மா கோவண்டிக்குப் போயிருந்தாள். உம்மா தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றாள். கட்டிங் மாஸ்டரைப் பார்த்துப் பார்த்துக் கற்ற வித்தையையெல்லாம் இறக்கினேன். என் பழைய கவுனை மேலே விரித்து, சாக்குக் கட்டியால் கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் விட்டு, பெரிய கத்தரியால் ஒரே ஓட்டமாக வெட்டினேன். பத்து வயதுக்கு அது நல்ல வெட்டுதான், இன்றைக்கும் சொல்வேன்.

உம்மா தண்ணீரோடு படியேறி வந்தாள். குடத்தைத் தரையில் வைத்தவள், தானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது உங்க பெரியம்மாவோட கஃபன் துணிட்டி" என்றாள். "உசுரோட இருக்கவளோட கஃபனை வெட்டிப்புட்டியே."

பிறகுதான் அடித்தாள். அடியை வாங்கிக்கொண்டே கதையையும் கேட்டேன். ஹஜ்ஜுக்குப் போகவேண்டும் என்று பெரியம்மா மூன்று தடவை சேர்த்து வைத்தாளாம். ஒரு தடவை மகனின் படிப்புக்குப் போனது, ஒரு தடவை உம்மாவின் ஆபரேஷனுக்கு, இன்னொரு தடவை மழைத்தண்ணீர் புகுந்து கார்கானா மிஷின்கள் பாழானபோது. அதோடு விட்டுவிட்டாள். நான் போகாவிட்டாலும் என் துணியாவது போய் வரட்டும் என்று, அடுத்த சந்திலிருந்து ஹஜ் கப்பலேறிய ஒருவரிடம் தன்னைப் போர்த்திப் புதைக்க வேண்டிய துணியைக் கொடுத்தனுப்பினாள். அவர் அதை மக்காவின் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தனை பெண்களுக்குக் கஃபன் உடுத்தியவள் தனக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான்.

கீழே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாப்பா மேலே வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். கஃபனை வெட்டியதால் பெரியம்மா இப்போது செத்துப்போவாள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். உம்மாவின் முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றவில்லை.

சாயங்கால அஸர் நேரத்துக்குப் பெரியம்மா வந்தாள். வழக்கம்போலக் குளித்தாள், தொழுதாள். அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. மையித்துக் குளிப்பாட்டி வந்தவளிடம் உடனே எதையும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தொழுகைப் பாயைச் சுருட்டிவிட்டுத் திரும்பியவள் துண்டுகளைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். வாசனை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷக் கப்பலில் வேறு துணி கொடுத்தனுப்பலாம் என்று வாப்பா படியில் நின்றபடியே சொன்னார். அவள் துணியின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினாள்.

"யாரு வெட்டுனா?"

நான்தான் என்றேன்.

"வெட்டு நேராத்தான் இருக்கு. கழுத்தத்தான் ரொம்ப எறக்கிட்ட. பள்ளிக்கூடத்துல என்னைக்கு ஆட்டம்?"

நாளை மறுநாள் என்றேன்.

"அப்பம் அழுதுட்டு நிக்க நேரமில்ல. போய் நூலை எடுத்துட்டு வா."

கண்ணை மூடிக்கொண்டுகூட ஊசியில் நூல் கோத்துவிடுகிறவளுக்கு அன்று மூன்று தடவை ஆனது. மக்ரிபு பாங்கு சொல்வதற்குள் கவுன் தயார். இறங்கிப்போன கழுத்தை மறைக்க ஒரு காலர் வைத்தாள். மிஞ்சிய துணியை, யாருமில்லாமல் இறந்துபோன ஒரு பெண்ணுக்கு உடுத்துவதற்காகச் சில நாள் கழித்து எடுத்துப் போனாள். அதன் பிறகு தனக்கென்று எந்தத் துணியும் வைத்துக்கொள்ளவில்லை. அவள் மௌத்தானபோது கஃபனை முலுண்டில் ஒரு கடையில்தான் வாங்கினோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடியற்காலை, பாங்குக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். "நான் எங்கயும் போகலட்டி, நீ தூங்கு" என்றாள் கண்ணைத் திறக்காமல். பிறகு படுத்துக்கொண்டு யோசித்ததில் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. துணியே இல்லாமல் ஒருத்தி எப்படிச் சாக முடியும்? அப்படியானால் பெரியம்மாவை நான் காப்பாற்றியல்லவா இருக்கிறேன்! அவள் நீண்ட நாள் இருந்ததில் என் கத்தரிக்கும் பங்கு உண்டு என்று கொஞ்ச காலம் உள்ளுக்குள் பெருமையாகவே திரிந்தேன்.

பதினைந்தாம் தேதி காலையில் உம்மாவோடு பெரியம்மாவும் கிளம்பினாள். பகலில் அவளைத் துப்பட்டியோடு பார்த்த பெண்கள், யாருக்கு மௌத்து என்று பதறினார்கள். யாருக்கும் இல்லை, பிள்ளை ஆடுகிறாள், பார்க்கப் போகிறேன் என்று அவள் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருந்தது.

மழை பெய்தது. மைதானம் சேறாகிவிட்டது. கொடி ஏற்றியதும் எங்கள் ஆட்டம். நாங்கள் குதித்த குதியில் என் கவுன் இடுப்பு வரை சேறு. பார்க்க வந்தவர்களெல்லாம் கூரைக்கடியில் ஒதுங்கிக் கைதட்டினார்கள். பெரியம்மா மட்டும் மழையிலேயே நின்றாள். கைதட்டவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கவுனை நாசமாக்கியதற்குத் திட்டப்போகிறாள் என்ற பயத்தில் எனக்கு ஒரு தடவை தாளம் தப்பியது.

வீடு திரும்பும்போது, இதை எப்படி அக்கா வெளுக்கப்போகிறோம் என்று உம்மா அழாத குறையாகக் கேட்டாள். பெரியம்மா துப்பட்டி முனையால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேருக்கு உடுத்திவிட்டிருக்கேன். ஒருத்தியும் எந்திச்சு நடந்ததில்ல" என்றாள். "என் துணி ஓடி ஆடுனத நான் கண்ணால பாத்துட்டேன். போதும்."

நான் நன்றாக ஆடியதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். சந்தின் நடுவில் நின்று, இன்னொரு தடவை ஆடிக் காட்டட்டுமா பெரியம்மா என்று கேட்டேன்.

ஆடு என்றாள்.