இரண்டு பாயிண்ட் காற்று

பள்ளி வளாகத்திலேயே குடியிருக்கும் தலைமையாசிரியையின் ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கி விடுவது அறிவியல் டீச்சர்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரமாம். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் காவலாளி காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். சனிக்கிழமைக்குள் ஆளைக் காட்டாவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

டீச்சர் வந்தார். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். கைப்பையில் மூக்குக் கண்ணாடிக்கூட்டுக்குள் கண்ணாடி இருக்காது. காற்றழுத்தம் அளக்கும் டயர் கேஜ் இருக்கும். ஸ்கூட்டர் டயர் முன் குந்தி, ஒரு கண்ணை மூடி, "குட்மார்னிங்ப்பா, குளிருதா?" என்று அதனிடம் கேட்டார். முகத்தில் கள்ளமே இல்லை. காவலாளிக்கு அதுதான் முதல் சந்தேகம்.

கேஜை வைத்ததும் "ஸ்" என்றது டயர். காவலாளி தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"ஊருல எல்லாரும் காத்து வாங்க பார்க்குக்குப் போவாங்க. நீங்க இங்க வர்றீங்களா டீச்சர்?"

"நான் எடுக்கலண்ணே. ராத்திரிக் குளிர் எறக்கிடுச்சு."

"குளிருக்குக் கை இருக்கா?"

"நல்லாக் கேட்டீங்க. என்னை நம்பாதீங்க." கேஜை அவரிடமே நீட்டினார். முப்பது பாயிண்ட். "மத்தியானம் வரைக்கும் யாரையும் பக்கத்துல விடாதீங்க."

ஏன் இந்த வண்டி என்று கேட்டார் காவலாளி. "இந்தப் பள்ளிக்கூடத்துல ராவும் பகலும் அசையாம நிக்கறது இது ஒண்ணுதான்."

டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் காவலாளி ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். வெயில் வண்டிமேல் ஏறியது. பன்னிரண்டரைக்கு டீச்சர் ஆறாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேஜை வைத்தது காவலாளி. முப்பத்து மூன்று.

"அண்ணே, யாராச்சும் பம்ப் அடிச்சாங்களா?"

"நான்தானே உக்காந்திருக்கேன். ஈ கூட அண்டல."

"அப்ப மூணு பாயிண்ட் ஏது?"

"வெயிலு!" என்றாள் முன்வரிசைச் சிறுமி. அதே காற்றுதான், சூடு ஏறினால் வேகமாக ஓடி டயர் சுவரைப் பலமாக முட்டும், அழுத்தம் கூடும், குளிர்ந்தால் சோம்பிவிடும், அழுத்தம் குறையும். டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். காவலாளி எழுதவில்லை.

"சரி டீச்சர். அளக்கறப்ப 'ஸ்'ஸுன்னுதே, அது யாரு? அதுவும் குளிரா?"

டீச்சர் கேஜைத் திருப்பிப் பார்த்தார். "அது... அளக்கறப்ப வெளிய போற ஒரு கிள்ளு காத்து."

"இவங்க எத்தனை பேரு?"

"இருபத்தாறு. தினம் ஆளுக்கொரு தரம் அளப்பாங்க."

"இருபத்தாறு கிள்ளு. சின்னக் கிள்ளு" என்றார் காவலாளி.

டீச்சர் அவரோடு நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். "பாதி குளிர் மேடம், மீதி ரெண்டு பாயிண்ட் நான். இவருக்கு இதுல சம்பந்தமில்லை." தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்த ரெண்டு பாயிண்ட்டும் திரும்பி வரட்டும். இவர் வேலைய அப்பறம் பேசலாம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு டீச்சர் கை பம்போடு வந்து நின்றார். அடிப்பதற்கு முன் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டாமா? கண்ணாடிக்கூட்டைத் திறந்தார்.

காவலாளி ஸ்டூலை விட்டு இறங்கி, டயர் வால்வின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார்.