கரையானை ஆட்டோவில் ஏற்றிய நைனா

எங்கள் நைனா எறும்புக்குப் பயந்து நடப்பவர். கடிக்கும் என்ற பயமில்லை, மிதித்துவிடுவோமோ என்ற பயம். நாங்கள் ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிப்பதும் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதும் அம்மாவுக்கும் பழக்கம்தான். ஆனால் அம்மாவுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். நைனாவுக்கு பிரேக் கிடையாது.

செஞ்சியில் அவர்கள் இருப்பது பழைய மெத்தை வீடு. மாடி அறைக்குத் தரை என்பது சுவருக்குச் சுவர் போட்ட மரக்கட்டைகளும், அவற்றின் மேல் அடித்த பலகைகளும்தான். ஒரு நாள் காலையில் அம்மா துணியை மடித்து மூலைப் பெட்டியில் வைக்கப் போனாள். பலகை உடைந்து கால் கணுக்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. அவள் போட்ட சத்தம் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்ட எனக்கே கேட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். போன் வந்துதான் ஓடினேன்.

பெட்டியை நகர்த்திப் பார்த்தால் சுவர் நெடுக மண்கோடு. கரையான். நைனாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவருக்கு இது புதுச் செய்தி இல்லை. சொன்னால் நாங்கள் மருந்தடித்துவிடுவோம் என்று பெட்டியைத் தள்ளி மறைத்து வைத்திருந்தார்.

"இன்னாங்க, தெரிஞ்சேவா வெச்சிருந்தீங்க?" என்றாள் அம்மா.

"அதுவும் உயிருதானே."

அம்மா பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். இனி செத்தாலும் அந்த அறைக்கு ஏறமாட்டேன் என்றாள். அவளே வரட்டும் என்று நைனா மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் என் போன் வழியாகப் பேசினார்கள். "உங்கம்மா மாத்திரை போட்டுக்கினாளான்னு கேளு." "மாடிப்படியில நின்னு நீங்களே கேளுங்க நைனா" என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எங்கள் பிரசவங்களுக்குத் துணையாக அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைத் தவிர அவர்கள் தனித்தனியாகப் படுத்ததே இல்லை. இப்படியே பழகிப்போய்விடுமோ என்றுதான் பயந்தேன். தரையைச் சரிசெய்யாமல் அம்மாவிடம் பேச்சே எடுக்க முடியாது. தச்சு வேலை செய்யும் பாய் ஒருவரைக் கூப்பிட்டேன்.

பாய் வாய் ஓயாத மனுஷர். கட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இற்றுப்போன முனைகளை அறுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புதுக்கட்டை சேர்த்து போல்ட் போட வேண்டும். சுவருக்குள் மரம் நுழையாமல் இரும்பு ஆங்கிளில் உட்கார வைக்க வேண்டும் என்றார். மருந்து என்று ஆரம்பித்ததுமே நைனா கையைக் குறுக்கே நீட்டினார்.

"சரி ஐயா, அப்ப அதுங்களுக்கு வேற வீடு பாருங்க" என்று பாய் சிரித்தார்.

கிண்டலுக்குச் சொன்னார். நைனா அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டார்.

கீழே கூடத்தில் ஜாக்கி கொடுத்துத் தரையைத் தாங்கி நிறுத்தினார்கள். அறுத்த முனைகளை நைனா தன் கையாலேயே சாக்கில் போட்டு, ஆட்டோ வைத்து, மேல்சித்தாமூரில் எங்கள் நிலத்தோரம் பட்டுப்போன புளியமரத்தடிக்குக் கொண்டுபோனார். துணைக்கு நான். அவர் மடியில் சாக்கு. "மோடு வருது, மெதுவா போப்பா" என்று வழியெல்லாம் டிரைவரிடம் கெஞ்சினார். தலைப்பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுகூட இந்தக் கரிசனம் இல்லை.

புதுக்கட்டைகளுக்கு பாய் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார். "சாகாது ஐயா, கிட்ட வராது, அவ்ளோதான்" என்று சத்தியம் செய்யாத குறை.

மற்றப் பலகைகளையும் கழற்றிய அன்று பாய் குரல் கொடுத்தார். "ஐயா, ஜன்னல் பக்கம் கட்டையெல்லாம் கல்லு மாதிரி இருக்குது. மூலைப் பக்கம்தான் மாவாப் போயிருக்குது. இங்க யாரு படுக்கிறது?"

பாதிப் படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா பதில் சொன்னாள். "அது அவரு எடம்." சொல்லிவிட்டு சட்டென்று என்னைப் பார்த்தாள். "மின்ன நான்தான் அங்க படுப்பேன். போன மழை சமயத்துல, ஜன்னலோரம் காத்து வரும்னு என்னை இந்தாண்ட மாத்திட்டு அவரு அங்க போனாரு."

நைனா காலிச் சாக்கை உதறி, ஏதாவது உயிர் ஒட்டியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க விழுந்தா பரவால்லியா?" என்றாள் அம்மா. முதல் நாளைவிட இப்போதுதான் அவளுக்குக் கோபம் அதிகம்.

"நான் எடை கம்மி" என்றார் நைனா, நிமிராமல்.

இந்த மனுஷரைக் கட்டிக்கொள்வதா, நாலு வார்த்தை திட்டுவதா என்று எனக்குப் புரியவில்லை.

கடைசிப் பலகையும் அடித்து முடித்த நாள், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாடு ஆனது. அம்மா யாரிடமும் சொல்லாமல் தன் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். மூலைப் பக்கம் விரித்தாள். நைனாவின் பாயையும் இழுத்து அதன் பக்கத்தில் போட்டாள்.

நைனா பதறினார். "புதுத் தரை. ரெண்டு நாள் போவட்டும், நீ ஜன்னலோரமே படு."

"விழுந்தா ரெண்டு பேருமா விழலாம்," என்றாள் அம்மா. "வந்து படுங்க."