சில்லைக் குஞ்சும் மாயக்கண்ணன் மீசையும்

மாயக்கண்ணனின் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பந்தயத்துக்கு வைத்தது அதைத்தான்.

கோட்டையூருக்கும் காரைக்குடிக்கும் ஓடிய டவுன் பஸ்ஸில் அவன் கண்டக்டர். ஆள் ஒடிசல்; அவனுடைய காக்கிச் சட்டைக்குள் இன்னொரு ஆளும் நுழைந்துகொள்ளலாம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கடவுள் மீசையைக் கொடுத்திருந்தார். நுனியில் எலுமிச்சம்பழம் நிற்கும் என்பது ஊர்ப்பேச்சு; யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை. டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறவனிடம் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். பக்கத்தில் நின்று வலது நுனியை ஒரு முறுக்கு முறுக்குவான். சில்லறை தானாக வெளியே வரும்.

எழுபத்திரண்டாம் வருசம் அவனுக்குச் சில்லைப் பைத்தியம் பிடித்தது. காரைக்குடிச் சந்தையில் ஒரு ஜோடி சிவப்புச் சில்லையை வாங்கி, பஸ்ஸிலேயே மடியில் வைத்துக் கொண்டுவந்தான். கட்டைவிரல் பருமன் குருவி. மற்ற நாளில் ஆணும் பெண்ணும் மண் நிறம்தான். மழைக்காலம் வந்தால் ஆணுக்கு மட்டும் உடம்பெல்லாம் சிவப்பேறி, மேலே வெள்ளைப் புள்ளி தெளித்து, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடும்.

அவன் மனைவி முத்தழகு கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஊருல ஆம்பளைக ஆடு வாங்குறாக, மாடு வாங்குறாக. நீக வாங்கியாந்த ரெண்டையும் சேத்துக் குழம்பு வச்சா, கரண்டிக்குள்ளயே காணாமப் போயிரும்" என்றாள். ஆனால் தினை புடைத்துப் போட்டதும், காற்று அடித்தால் கூண்டை உள்ளே தூக்கி வைத்ததும் அவள்தான்.

சில்லை முட்டை வைத்தது, குஞ்சும் பொரித்தது. தாயும் தகப்பனும் தினையைக் கொறித்துக்கொண்டிருக்க, குஞ்சுகள் வாயைப் பிளந்தபடியே செத்தன. மறுபடி பொரித்தவையும் அப்படியே. இரண்டு தடவையும் மாயக்கண்ணன் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். வீட்டுக்குள் நடந்த இந்தத் துக்கம் எப்படியோ டிரைவர் பெத்தனின் காதுக்குப் போய்விட்டது. பெத்தனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் சும்மா இருக்காது.

"என்னப்பா மாயா, அடுத்த கருமாதி எப்ப? லீவு போடணும்ல, அதுக்குக் கேக்குறேன்."

பஸ்ஸே சிரித்தது. மாயக்கண்ணனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, அடுத்து பொரிக்கிற குஞ்சு பறக்கலைன்னா இந்த மீசையை எடுத்துர்றேன், பாத்துக்கங்க!"

பெத்தன் வண்டியை ஓரம் கட்டினார். பேச்சை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அவர். "பறந்துச்சுன்னா, உன் கூண்டைத் தலையில வச்சுக்கிட்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்டைச் சுத்தி வாரேன்டா. எல்லாரும் கேட்டுக்கங்கப்பா."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பயணிகளுக்கு அன்றைக்கு டிக்கெட் காசு வீண் போகவில்லை. ராத்திரி விசயத்தைக் கேள்விப்பட்ட முத்தழகுதான் சோற்றைக் கிளறியபடி உட்கார்ந்திருந்தாள். மீசை இல்லாத மாயக்கண்ணனை மனசுக்குள் வரைந்து பார்த்திருக்கிறாள். படம் சரியாக வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுத் தகரக் கூரையில் ஒரு ஊர்க்குருவி கூடு கட்டியிருந்தது. வருசம் முழுவதும் கடலைக்கடை வாசலில் பொறுக்கித் தின்கிற குருவி. ஒருநாள் அதன் வாயில் பச்சைப் புழு ஒன்று நெளிவதை மாயக்கண்ணன் பார்த்தான். குருவி அதைத் தின்னவில்லை, கூட்டுக்குக் கொண்டுபோய்க் குஞ்சின் வாயில் திணித்தது. மாயக்கண்ணன் விசில் ஊத மறந்து அண்ணாந்து நின்றான். பெரியவுகளுக்குத் தானியம், பிள்ளைகளுக்குக் கறி! இது தெரியாமல் பச்சைப் பிள்ளைகளுக்குத் தினையைக் காட்டியல்லவா கொன்றிருக்கிறோம்?

ஐப்பசி மழையில் சில்லை மறுபடியும் அடையில் உட்கார்ந்தது. இவன் அன்றே வேட்டையை ஆரம்பித்தான். பஸ் நிற்கிற இடமெல்லாம் இறங்கிப் புல்லைத் தடவினான். பிடித்த வெட்டுக்கிளியைத் தோல் பையில் சில்லறைக்குப் பக்கத்து அறையில் போட்டான். நாகம்மை ஆச்சிக்குப் பாக்கி கொடுக்கப் பையைத் திறந்தபோது வந்தது வினை. ஆச்சி பெரிய வீட்டுக்காரர். வாசலில் கார் நின்றாலும் பஸ்ஸில்தான் வருவார். காரில் போனால் யாரோடு பேசுவது? பத்துப் பைசாவுக்கு நீட்டிய கையில் வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது.

"அடி ஆத்தி! என்னப்பா மாயக்கண்ணா, கம்பெனியில இப்ப இதைத்தான் சில்லறையாத் தாராகளா?"

அவ்வளவு பாடுபட்டும் வெட்டுக்கிளி உதவவில்லை. சில்லை அதைப் பார்த்து, பரணில் ஏறுகிற பூனையைப் பார்த்த மாதிரி அலறியது. அந்தச் சின்ன அலகுக்குப் பூச்சியும் சின்னதாக வேண்டும், மெத்தென்று வேண்டும், உயிரோடும் வேண்டும். அப்படி ஒன்றுதான் உண்டு: கறையான்.

கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடிப்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. ஓட்டைப் பானைக்குள் காய்ந்த சாணியும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று ஓரம் சாயங்காலம் கவிழ்த்தால் விடியும்போது உள்ளே கறையான் அப்பியிருக்கும். ஆனால் வயல்காட்டுக்குப் போய்வரக் காலை முதல் பஸ் விடாது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு புற்று. கண்மாய்க்குப் போகிற வழியில், வேப்பமரத்தடியில், வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் பால் ஊற்றுகிற நாகம்மா புற்று.

மாயக்கண்ணன் அதன் முன்னால் நின்று நியாயம் பேசினான். "தாயே, நீ குடிவந்தவ. கட்டினது கறையான். உனக்கு ஆகாததைத்தான் நான் எடுத்துக்கப் போறேன்." நாகம்மா மறுத்துச் சொல்லவில்லை. பானையைக் கவிழ்த்தான். நாய் உருட்டுமே, பயல்கள் உதைப்பார்களே என்று யோசித்தான். கண்டக்டர் மூளை வேலை செய்தது. பானை மேல் திருநீற்றில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தான். இனி எவன் கால் நீளும்?

திட்டம் அருமையாகப் பலித்தது. குஞ்சு பொரித்த நாளிலிருந்து, இருட்டோடு போய்ப் பானையை நிமிர்த்தி, பீங்கான் தட்டில் கறையானைத் தட்டிக்கொண்டு, புதுச்சாணி வைத்துக் கவிழ்த்துவிட்டு வந்தான்; எந்தப் புற்று என்று முத்தழகிடம்கூடச் சொல்லவில்லை. வழவழப்பில் கறையான் ஏறி ஓட முடியாது. ஆண் சில்லை தட்டின் விளிம்பில் நின்று ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது. குஞ்சுகளின் கத்தல் நாளுக்கு நாள் தடித்தது. மாயக்கண்ணன் மீசைக்குக் கூடுதலாக எண்ணெய் தடவினான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவன் தட்டோடு போனபோது புற்றைச் சுற்றிக் கூட்டம். பானை கழுத்தில் அரளி மாலை. உச்சியில் மஞ்சள். முன்னால் முட்டை, பால், சூடம். நடுவில் நாகம்மை ஆச்சி. பானையின் காலடியில் ஒருத்தி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தாள். எழுந்தபோது பார்த்தால், முத்தழகு!

"வாங்க, வாங்க" என்று புருசனைக் கூப்பிட்டாள். "சுயம்புவா வந்திருக்காக. பட்டை போட்டபடிக்கே வந்திருக்காக!"

மாயக்கண்ணன் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வீட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். ஒரு வேளை இரை தவறினாலே மூன்றாவது குழிதான். அப்புறம் நாவிதர் கடை நாற்காலி. இங்கேயோ பானை சாமியாகிவிட்டது. முதல் பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

"ஆச்சி, கோவிச்சுக்காதீக. அது நான் வச்ச பானை. உள்ள இருக்கது சாமியில்ல, சாணி."

ஆச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "சாணியைப் பிடிச்சு வச்சு அருகம்புல் குத்தினா அது யாருப்பா?"

"பிள்ளையாரு, ஆச்சி."

"பெறகென்ன பேச்சு? நாகம்மா உன் கையால வைக்கச் சொல்லிருக்கா, நீ வச்சிருக்கே. நீ டிக்கெட்டுக் கிழிக்கிறதுனால பஸ்ஸு உன்னுதாயிருமா?"

மாயக்கண்ணன் வேறு வழியில்லாமல் குனிந்து பானையை நிமிர்த்திவிட்டான். வாய் வரைக்கும் வெள்ளை வெளேரென்று கறையான் கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். "புத்து வளருதடீ!"

ஆச்சி முத்தழகு பக்கம் திரும்பினார். "நீ என்ன கேட்டுக் கும்பிட்டே?"

"எங்க வீட்டுச் சில்லைக் குஞ்சு பொழைக்கணும்னு, ஆச்சி. இவுக மீசை நிக்கணுமே."

"அந்தக் குருவி என்ன திங்குது?"

"கறையான்தான்."

ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கேட்டவ கேக்கும்போதே பானையை நெறைச்சு வச்சிருக்காளே மகராசி! மசமசன்னு நிக்காம தட்டைப் பிடிப்பா. பிரசாதத்தை வாங்கிக்கிட்டு ஓடு."

அதற்குப் பிறகு மாயக்கண்ணன் இருட்டோடு போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வேண்டுதல்காரிகள் ஆளுக்கொரு பானை கவிழ்த்தார்கள். சாணி வைப்பதில் போட்டி வேறு. யார் வீட்டிலிருந்தாவது தட்டு வந்து இறங்கும். சில்லைகள் தின்ன முடியாமல் தின்றன.

கார்த்திகை பிறந்து ஒரு காலையில் குஞ்சுகள் கூட்டை விட்டு எழும்பி, கூண்டின் கம்பிக்குக் கம்பி பறந்தன. மாயக்கண்ணன் முத்தழகைத் தட்டாமாலை சுற்றினான். பெத்தன் சொன்ன சொல் தவறவில்லை. தலையில் சும்மாடு கூட்டிக் கூண்டை ஏற்றி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். பூக்கட்டுகிற பெண்ணொருத்தி, காவடி என்று நினைத்து ஒரு முழம் பூவை மேலே போட்டாள். மீசையை முறுக்கிக்கொண்டு பின்னால் நடந்த மாயக்கண்ணனுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

வீட்டுக்கு வந்தான். முத்தழகு வெந்நீர் காயவைத்து, புதுத் துண்டோடு நின்றாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வேண்டுதலை முடிச்சிருவமா?"

"பால்தானே? ரெண்டு படியா ஊத்திருவோம் புள்ளே."

"பால் இல்லீங்க." அவள் துண்டின் முனையைத் திருகினாள். "குஞ்சு பறந்துச்சுன்னா உங்களுக்கு முழு மொட்டை போடுறதா வேண்டியிருக்கேன்."

"மொட்டைன்னா… தலைதானே?"

"முழு மொட்டைன்னேன்ல."

அவன் வாதாடிப் பார்த்தான். "அந்த மீசைக்காகத்தானேடி வேண்டினே?" என்று கேட்டான். அந்த நேரத்தில் அவசரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை என்றாள். குஞ்சைக் கொடுத்த சாமிக்கு எடுக்கவும் தெரியாதா என்றும் கேட்டாள். சில்லைக் கூண்டில் குஞ்சு கீச்சென்றது. மாயக்கண்ணன் தலையைக் குனிந்தான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் சந்தனம் பூசிய தலையும் வெறும் மேலுதடுமாக ஏறினான். காக்கிச் சட்டைக்குள் இப்போது மூன்று ஆள் நுழையலாம் போலிருந்தது. பெத்தன் கண்ணாடியில் பார்த்தார்; ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து குலுங்கினார். பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் இரக்கப்பட்டு, "குஞ்சு இந்தத் தடவையும் பொழைக்கலையா கண்டக்டரு?" என்றார்.

"பொழைச்சதுனாலதான்யா போச்சு!" என்று மாயக்கண்ணன் காது கிழிய விசிலை ஊதினான்.