இசபெலினோ ஓஹேதாவின் பூட்ஸ்

இப்போது எங்கள் ஊர் மருத்துவ நிலையத்தில் எண் கொடுக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் காகிதம் வருகிறது. யார் நொண்டிக்கொண்டு வந்தார்கள், யார் முகம் வெளுத்திருக்கிறது என்று அதற்கு என்ன தெரியும்? நான் அங்கே செவிலியாக இருந்த காலத்தில் அட்டைப் பெட்டியைக் கத்தரித்து ஒன்று, இரண்டு என்று நானே எழுதிக் கொடுப்பேன். செவ்வாயும் வெள்ளியும் நகரத்திலிருந்து டாக்டர் வருவார். இருபது எண்தான். பரானா ஆற்றங்கரையில் ஒன்றரை அறையும், முன்னால் தகரக் கூரை போட்ட தாழ்வாரமும், ஒரு நீள பெஞ்சும் சேர்ந்ததுதான் எங்கள் சாலிதா, அப்போதைய மருத்துவ நிலையம்.

முதல் எண் எப்போதும் இசபெலினோ ஓஹேதாவுக்குத்தான். விடியுமுன் வந்து கதவருகே நிற்பான். அட்டையை வாங்குவான். அழும் குழந்தையோடு யார் வந்தாலும் அவள் கையில் அதைக் கொடுத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தெரெரே என்ற மூலிகைப் பானம் கலக்குவான். குளிர்ந்த நீர், எலுமிச்சை இலை, ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். பெஞ்சு முழுக்கச் சுற்றி வரும். மத்தியானம் எழுந்து போய்விடுவான். தக்காளிப் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பது அவன் வேலை, அது சாயங்காலம்தான். இப்படி எட்டு வருடம். ஒரு நாள்கூட டாக்டரின் அறைக்குள் கால் வைத்ததில்லை.

காலில் முழங்காலுக்குக் கீழ்வரை கறுப்பு பூட்ஸ். எங்கள் ஊர்க் கோடையான ஜனவரி வெயிலில் ஊரே கயிற்றுச் செருப்போடு திரியும்போதும் அதேதான்.

"என்னப்பா ஓஹேதா, பொறக்கும்போதே பூட்ஸோட பொறந்தியா? மருத்துவச்சி பாவம்!" என்பாள் மீன்காரி கிரிசந்தா.

"என் காலழகைப் பாத்தா நீ ஒம் புருஷனை விட்டுட்டு வந்துருவ. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?" என்பான்.

தேவாலயத் திருவிழாவில் அந்த பூட்ஸோடுதான் என்னுடன் சாமமே நடனம் ஆடுவான். ஒரு தடவைகூட என் காலை மிதித்ததில்லை. பாம்பு ஊர்வதுபோல அவ்வளவு மெதுவாக நகரும் அந்தப் பாதங்கள். அவை மரத்துப்போனவை என்பது எனக்கு அப்போது தெரியாது. செவிலிப் பெண் என்று பெயர், என்ன பிரயோசனம்?

பத்தொன்பது வயதில் அவனைத் தெற்குத் தீவுப் போருக்குக் கொண்டுபோனார்கள் என்று ஊருக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பின்னால்தான் தெரிந்தது, திரும்பி வந்தபோது, நடந்ததை யாரிடமும் பேசமாட்டேன் என்று எங்கள் ராணுவ முகாமிலேயே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கித்தான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். நகரத்தில் முன்னாள் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு, பேருந்தில் நான்கு மணி நேரம், ஒரே ஒருமுறை போனானாம். "எங்கே இருந்தாய், என்ன நடந்தது, எழுது" என்று படிவத்தை நீட்டினார்கள். வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, கார்னிவல் முடிந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. தாழ்வாரத்தைத் துடைக்கும்போது எனக்கு அந்த வாடை அடித்தது. என் மூக்கை ஏமாற்ற முடியாது. அவன் இடது பூட்ஸின் தையலில் ஈரம் கசிந்திருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டாக்டர் பிரிசுவேலா முன்னால் நிறுத்தினேன்.

"பூட்ஸைக் கழட்டுங்க, பாக்கலாம். கால்ல முன்னாடி ஏதாவது அடிபட்டிருக்கா?" என்றார் அவர்.

இசபெலினோ விறைத்து நின்றான். "மன்னிக்கணும் டாக்டர். சொல்லமாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன். பூட்ஸும் கழட்டக் கூடாது."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்த வாடைக்கு ஒரு வாரம் தாங்கினா அதிகம், நெலிதா. அப்புறம் முழங்காலோட எடுக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி எவுசேபியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆச்சு தோன்யா நெலிதா, நான் அவரு பாதத்தைப் பாத்ததில்ல. குளிக்கிறப்போ கதவைச் சாத்திக்குவாரு. படுக்கிறதும் பூட்ஸோடதான். தூக்கத்துல, 'கழட்டல காபோ, சத்தியமா கழட்டல'ன்னு கத்துவாரு."

காபோ என்றால் பத்துச் சிப்பாய்களுக்குத் தலைவன். இசபெலினோவின் காபோ யார் என்று எனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் சொத்தேலோ. ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பகை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மறுநாள் காலையில் சொத்தேலோவின் மேசை முன்னால் போய் நின்றேன்.

"பூட்ஸைக் கழட்டக் கூடாதுன்னு அவன்கிட்ட சொன்னது நீங்கதானே?"

மனிதர் சீட்டுக்கட்டை மூடி வைத்தார்.

"பதுங்கு குழியில முழங்கால் தண்ணி, தோன்யா. பனித் தண்ணி. ஒரு பையன் கால் வலிக்குதுன்னு கழட்டினான். பாதம் வீங்கிப்போச்சு, திரும்பப் போட முடியல. குண்டு விழுறப்போ அவனால ஓட முடியல. அன்னைக்குச் சொன்னேன், நான் சொல்ற வரைக்கும் எவனும் கழட்டக் கூடாதுன்னு."

"எப்போ கழட்டச் சொன்னீங்க?"

"எங்கே சொல்றது? கைதியாப் பிடிச்சு ஆளுக்கொரு கப்பல்ல ஏத்திட்டானுங்க."

"அப்போ இன்னும் சொல்லல."

"டாக்டர் இனி எந்தக் கிழமை வருவாரு?" என்று கேட்டார் அவர்.

செவ்வாய்க்கிழமை சொத்தேலோ சாலிதாவுக்கு வந்தார். கசங்காத சட்டை, சவரம் செய்த முகம். பெஞ்சின் ஓரத்தில் இசபெலினோ சுவரில் சாய்ந்து கிடந்தான், காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கையில் முதல் எண். குவளை கிரிசந்தாவிடம் இருந்தது. அவள் உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"சிப்பாய் ஓஹேதா!"

இசபெலினோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"பூட்ஸைக் கழட்டு."

"உத்தரவா, காபோ?"

"உத்தரவு. பதினாலு வருஷம் லேட்டா வந்த உத்தரவு. என்னை மன்னிச்சிரு. அந்தக் காகிதத்துல நானும்தான் கையெழுத்து போட்டேன். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. ஏதாவது வந்தா நான் பாத்துக்கறேன்."

லாட்டரி விற்பவருக்கு அதைச் சொல்ல என்ன அதிகாரம்? ஒன்றுமில்லை. ஆனால் இசபெலினோ அங்கேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மனசு கேட்காது. கால் பிழைத்தது. கறுத்துப்போன இரண்டு விரல்கள் மட்டும் போயின. அடுத்த திருவிழாவில் கயிற்றுச் செருப்போடு ஆட வந்தான், அன்றுதான் முதல்முறையாக என் காலை மிதித்தான். நான் திட்டவில்லை. போன வருடம்தான் அவனைப் புதைத்தோம். இதயம். எவுசேபியா அவனுக்குச் செருப்புதான் போட்டு அனுப்பினாள்.

அந்தச் செவ்வாய்க்கு வருகிறேன். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி நான் பிரித்துக்கொண்டிருந்தேன். இசபெலினோ வலியில் முனகவில்லை. எதிரே நின்ற சொத்தேலோவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கொதிக்கும் பிப்ரவரியில் அவரும் பூட்ஸ்தான் போட்டிருந்தார். இத்தனை வருடம் தினமும் பேருந்து நிலையத்தைக் கடந்து போயிருக்கிறேன், மேசைக்கு அடியில் நான் குனிந்து பார்த்ததே இல்லை.

"காபோ, நீங்க?" என்றான்.

"எனக்கு யாருடா உத்தரவு போடறது?"

"நான் போடறேன்" என்றான் இசபெலினோ. "உக்காருங்க. கழட்டுங்க."

சொத்தேலோ பெஞ்சில் உட்கார்ந்தார். பழைய முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கிரிசந்தா குவளையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முன்னால் மண்டியிட்டு அவிழ்த்தாள். இசபெலினோ வழக்கம்போலத் தன் அட்டையை அவரிடம் நீட்டினான். நான் அதைப் பிடுங்கி அவன் சட்டைப் பைக்குள்ளேயே திணித்தேன். பிறகு இன்னொரு அட்டையில் இரண்டு என்று எழுதி, சொத்தேலோவின் கையில் கொடுத்தேன்.