எழுத்து மாறிய பெயர்

திருப்பதியில், காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் அலுவலகத்தில் டேட்டாபேஸைக் கவனித்தவர், புத்தூரிலிருந்து ரயிலில் வரும் நரைத்த பெண்மணி. தேடப்படுவோர் பெயர்ப் பட்டியலையும் காப்பகங்களில் இருப்போர் பெயர்ப் பட்டியலையும் பொருத்தி இணைக்கும்போது, திரை முன்னாலிருந்து எழவே மாட்டார்.

“ஒரே மாதிரி எழுதின பேரைச் சட்டுனு ஜோடி சேர்க்குற ஹாஷ் ஜாயின் போட்டா சீக்கிரம் முடியுமே மேடம்?” என்றேன்.

“அதுக்கு ரெண்டு பக்கமும் பேரு எழுத்து மாறாம இருக்கணும் சார். எங்க நைனா பேர தெலுங்குல ஒருமாதிரி, தமிழ்ல ஒருமாதிரி எழுதுறாங்க. அதான் ஒவ்வொரு பேரையும் அந்தப் பக்கத்து எல்லாப் பேரோடவும் ஒத்துப் பாக்க வுட்டுட்டு, பாத்துக்கினு இருக்கேன்.”

அவர் அப்பாவும் தொலைந்தவர் என்று அன்றுதான் தெரிந்தது.

மாலையில் சில பெயர்கள் பொருந்தின. அவர் அப்பா பெயர் அவற்றில் இல்லை. பெயர் பொருந்தியவர்களின் வீடுகளுக்கு அவரே போன் செய்தார்.

“கெடச்சிட்டாரும்மா, வந்து கூட்டிக்கினு போங்க!”

அந்தக் குரலில் எப்படி அவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.